கூப்பிடு வெடி

பளீலுக்கென்று அந்த வீட்டில் ஒரேயொரு சாமான்தான் இருந்தது. அது அவனுடைய வாப்பாவின் துவக்கு.

மற்றதெல்லாம் மனைவி றுமானாவுடையது. நிந்தவூரில் பெண்பிள்ளைக்குத் தொட்டில் கட்டும்போதே அத்திவாரத்துக்குக் கல்லும் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து ஏறினால் போதும். பளீலும் சம்மாந்துறையிலிருந்து அப்படி வந்து ஏறியவன்தான். வீடு அவள் பேரில். காட்டோரத்து வயல் அவள் பேரில். வளவில் நிற்கிற மாமரம்கூட அவளுடைய வாப்பா நட்டது. இதையெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லிக்காட்டியதில்லை. நியாயத்தைச் சொல்லவேண்டும். சொல்லிக்காட்டாமலே அவனுக்கு அது இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சில ஆட்கள் அப்படித்தான், குத்தாத முள்ளுக்கும் காலைத் தூக்கி நடப்பார்கள்.

அதனால்தான் அந்தத் துவக்கின்மேல் அவனுக்கு அப்படியொரு பிடிப்பு. வாப்பா மௌத்தானதும் அரசாங்கக் கச்சேரிக்கும் பொலிசுக்கும் நடையாய் நடந்து லைசன்ஸைத் தன் பேருக்கு மாற்றியெடுத்தான். இரட்டைக் குழல், பழசு, ஆனால் துரு என்ற பேச்சே கிடையாது. மெயின் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறவன், இரும்போடும் எண்ணெயோடும் புழங்கிய கை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக முன்னர் அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவான். றுமானா குசினி வாசலில் நின்று, "என்னை இப்பிடி ஒரு நாளாச்சும் பாத்திரிக்கீங்களா?" என்று கேட்பாள்.

வயல் இருந்தது இத்தியடி வட்டை வயல்வெளியின் கடைசியில். அதற்கு அங்கால் காடு. வாய்க்காலுக்கு மற்றப் பக்கம் காரைதீவு அழகரெத்தினத்தின் வயல். பளீலைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மெலிந்த ஆள், சிரித்தால் முகம் முழுக்கச் சுருங்கும். பெரும்போக நெல் குடலை தள்ளத் தொடங்கினால் இரண்டு பேரும் அவரவர் காவல் வாடியில் தங்கிவிடுவார்கள். காட்டுப்பன்றிக்கு இது சோனகன் வயல், இது தமிழன் வயல் என்ற வித்தியாசம் தெரியாது. ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது நெல் நின்ற கண்டம் உழுது போட்ட கண்டமாகக் கிடக்கும்.

அந்த இடத்தில்தான் இவர்களுடைய ஒப்பந்தம் பிறந்தது. பளீலிடம் துவக்கு இருந்தது, பன்றியைத் தொடமாட்டான். அழகரெத்தினத்திடம் துவக்கு இல்லை, பன்றி இறைச்சி என்றால் அவர் வீட்டில் அன்றைக்குத் திருவிழா. ஆகவே வெடி வைப்பது இவன், எடுத்துக்கொண்டு போவது அவர். அந்த வட்டையில் போன் எடுக்காது. அதனால் வெடியாலேயே பேசிக்கொண்டார்கள். ஒரு வெடி கேட்டால் சும்மா விரட்டிய வெடி, படுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று கேட்டால், சாமான் விழுந்து செத்துக் கிடக்கிறது, சூடு ஆறமுன் வந்து எடு என்று அர்த்தம். அந்த இரண்டாவது வெடி வானத்தைப் பார்த்துத்தான் போகும். அதற்குக் கூப்பிடு வெடி என்று அழகரெத்தினம்தான் பேர் வைத்தார்.

கூப்பிடு வெடி கேட்டால் அவர் கத்தியும் கயிறும் சாக்குமாக வாய்க்கால் கட்டால் வருவார். பளீல் முதுகைக் காட்டிக்கொண்டு வாடிப் பக்கம் திரும்பி நிற்பான். எல்லாம் முடிந்தபிறகு அழகரெத்தினம் வாய்க்காலில் சவர்க்காரம் போட்டு முழுகி, வேறு சாரன் மாற்றிக்கொண்டு பளீலின் வாடிக்கு வந்து ஒரு பிளேன்டீ குடிப்பார். முழுகிவிட்டு வாருங்கள் என்று பளீல் ஒரு நாளும் சொன்னதில்லை. அவராகச் செய்தது. பத்துப் பதினைந்து போகம் இப்படி ஓடிற்று, ஒரு முகச்சுளிப்பு இல்லாமல்.

பிறகு தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. கச்சேரிச் சீட்டுக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, அந்தக் கதைதான். பன்றி நிற்கும், பையில் தோட்டா இராது. இது தெரிந்ததும் தேத்தண்ணிக் கடையில் வாய்களுக்கு வேலை வந்துவிட்டது.

"பளீலுக்கென்ன, பண்டிக்கு ஒரு வெடி, அழகரெத்தினத்துக்கு ஒரு வெடி" என்றான் ஒருவன்.

"கறி அங்க, செலவு இஞ்ச" என்றான் மற்றவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பளீலும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து தோட்டாப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அந்தச் சிரிப்பு உள்ளே புளித்துக்கொண்டிருந்தது. கூப்பிடு வெடிக்கு ஒரு நல்ல தோட்டா வீணாகத்தான் போகிறது. அதற்காக அழகரெத்தினத்திடம், இனிமேல் கூப்பிடமாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது. அப்போதுதான் வெடித்த தோட்டாவின் வெறுங்கோதுகளைத் திரும்ப நிரப்பும் யோசனை அவனுக்கு வந்தது. கூப்பிடு வெடிக்கு மட்டும் வீட்டில் நிரப்பியது, பன்றிக்குக் கச்சேரித் தோட்டா. யோசனையில் பிழையில்லை என்றே அவனுக்குப் பட்டது. சட்டத்தில் பிழை, அது அவனுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. கடையில் ஆள் வந்து பிரேக் சூ கேட்டால் செயின் பெட்டியை எடுத்துக் கொடுப்பான். கண் முழுக்கப் போனில், தோட்டா நிரப்புகிற சாமான்களில். கையால் அழுத்துகிற சின்னச் சாமான் ஒன்று, மேசையில் பூட்டுகிற சிவப்பு மெஷின் ஒன்று, மெஷினோடு தராசும் சேர்ந்த முழுச் செட் ஒன்று. மூன்றையும் மாறி மாறிப் பார்ப்பான். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பூட்டுவதும் இழுப்பதும், கட்டைகுட்டையாக அழகாகத் தோட்டாக்கள் வரிசையில் நிற்பதும் அவனுக்குக் கனவிலும் வந்தது. றுமானா ஒரு நாள் போனைப் பறித்துப் பார்த்தாள். ஏதோ பெண்பிள்ளையின் படம் என்று நினைத்துவிட்டாள் போல. இரும்பைக் கண்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கட்டாரிலிருந்து வருகிற கார்கோப் பெட்டி ஒன்றுக்குள் போட்டுத் தர ஒருவன் சம்மதித்தான். முழுச் செட்டுக்கு இடமில்லை, மெஷின் அல்லது தராசு, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றான். உலக்கை போகிற இடத்தை விட்டுவிட்டு ஊசி போகிற இடத்தைப் பார்ப்பது என்பது இதுதான். பளீல் சிவப்பு மெஷினைத் தெரிந்தெடுத்தான். அதுதான் கண்ணுக்கு வடிவு. வெடிமருந்து அளக்க அதோடு ஒரு பிளாஸ்டிக் கரண்டி வரும் என்று எழுதியிருந்தது, அது காணும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

தராசு ஊரில் இல்லாமல் போகவில்லை. றுமானாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா முஸ்தாக் கல்முனை பஸாரில் நகைக்கடை வைத்திருந்தான். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு அந்தக் கரண்டியை எடுத்து விரலில் ஆட்டினான்.

"இதாலயா அளக்கப் போறாய், மச்சான்? இது ஒருக்கா கூடும், ஒருக்கா குறையும். கடைக்குக் கொண்டு வா. எங்கட தராசு ஒரு குண்டுமணி வித்தியாசத்தையும் காட்டும்."

"பாப்பம்" என்றான் பளீல்.

"என்ன பாக்கிற? வீட்டையும் தந்தம், வயலையும் தந்தம், ஒரு தராசத் தரமாட்டமா?"

முஸ்தாக் சிரித்தான். றுமானாவும் சிரித்தாள். முஸ்தாக்கின் வாய் அப்படிப்பட்ட வாய், அதில் நஞ்சு கிடையாது. பளீலின் பிள்ளைகளுக்குச் சுகமில்லை என்றால் முதல் ஓடி வருகிறவன் அவன்தான். ஆனால் இருபது வருஷமாக யாரும் சொல்லாத சொல் அன்றைக்கு வாயால் வந்துவிட்டது. பளீலின் முகம் செத்துப்போயிற்று. அந்தத் தராசுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தான். துவக்கு என்னுடையது, தோட்டாவும் என்னுடையதாகவே இருக்கட்டும், அதிலாவது இவர்களுடைய கை படவேண்டாம். எவ்வளவு மடைத்தனமான வீம்பு.

மருந்து எங்கே கிடைத்தது என்று சொல்லப் போனால் இன்னும் இரண்டு பேர் மாட்டுவார்கள், அதை விடுவோம். குசினிக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் மெஷினைப் பூட்டினான்.

"இதுக்குள்ள வெடிமருந்த வச்சிக்கிட்டு நான் எப்பிடி அடுப்பு மூட்டுற?" என்றாள் றுமானா.

"கொஞ்ச நாளைக்கு" என்றான்.

அவள் அந்தக் கொஞ்ச நாளும் சுவருக்கு மற்றப் பக்கம் காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே சமைத்தாள். இவன் கரண்டியால் அள்ளி நிரப்பினான். வந்த தோட்டாக்கள் பார்க்க வடிவாகத்தான் இருந்தன. கச்சேரித் தோட்டாவோடு கலந்து வைத்தால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று அவனுக்கே பெருமை.

முதலில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பன்றிக்கு நல்ல தோட்டா, அழகரெத்தினத்தைக் கூப்பிட வீட்டுத் தோட்டா. கூப்பிடு வெடி நன்றாகவே கேட்டது. வானத்துக்குப் போகிற வெடி கூடினாலும் குறைந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது? அந்தத் துணிச்சலில் கை பழகிவிட்டது. தை பிறக்கிற நேரம் கச்சேரித் தோட்டாவைப் பையின் அடியில் ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு குழலுக்கும் வீட்டுத் தோட்டாவையே போட்டான். தன் கையால் செய்ததால் ஒரு பன்றியாவது விழவேண்டும் என்ற ஆசை. வேறு ஒரு காரணமும் இல்லை.

அன்றைக்குச் சுபஹு தொழுதுவிட்டு வாடிக்கு வெளியே வந்தான். கிழக்கு வெளுத்திருந்தது, வயலில் பனி. காட்டோரக் கண்டத்தில் நெல் ஆடியது, காற்றுக்கு ஆடுகிற மாதிரி இல்லாமல் ஆடியது. நல்ல பெரிய ஆண் பன்றி, தனியன். வரம்போடு பதுங்கிப் போய்க் குறிபார்த்து வெடி வைத்தான்.

வெடி சப்பென்று போயிற்று. பன்றிக்குப் பட்டது, ஆனால் விழவில்லை. ஒருக்கா முழங்காலில் குந்தி எழும்பிற்று. பளீலுக்குக் கை தானாக மற்ற விசையை இழுத்தது. அந்த வெடி வேண்டியதற்கு மேலாக இடித்தது, தோள் பின்னால் போக, ஈயம் எங்கேயோ போயிற்று. பன்றி வாய்க்கால் ஓரத்துப் பன்புல் பற்றைக்குள் புகுந்துவிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியில்தான் பளீலுக்கு விளங்கிற்று. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு வெடி.

"அண்ணன், வராதீங்க" என்று கத்தினான். காற்று அவனுடைய முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. திரும்பக் கத்தினான். கத்திக்கொண்டே பையைக் கவிழ்த்து நல்ல தோட்டாவைத் தேடினான். எல்லாம் ஒரே மாதிரி. அவன் பெருமைப்பட்டது போலவே, யாராலும் பிரித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, அவனாலும் முடியவில்லை. மங்கல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். முதலில் ஓடியிருக்கவேண்டும். தோட்டாவைத் தேடாமல் ஓடியிருக்கவேண்டும். இதை அவன் பிறகு எத்தனை தரம் தனக்குத் தானே சொன்னான் என்பதற்குக் கணக்கில்லை.

அழகரெத்தினம் வாய்க்கால் கட்டால் வந்துகொண்டிருந்தார். தோளில் சாக்கு, கையில் கயிறு, கத்தி இடுப்பில். செத்த பன்றியிடம் போகிற மனுஷனுக்கு என்ன பயம்? பளீலைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"பெரிய சாமானா தம்பி?" என்றார் சிரித்துக்கொண்டு.

பன் பற்றை பிளந்தது. பன்றி அவருடைய வலது தொடையில் கொம்புப் பல்லை ஏற்றி, ஆளைக் கீழே போட்டு, மேலேயும் ஏறிற்று. பளீல் ஓடிப்போய்க் கிட்ட வைத்து வெடி வைத்தான். அது நல்ல தோட்டா. பன்றி அவர்மேலேயே விழுந்து செத்தது.

எவ்வளவு பாரம். பளீல் அதன் காதைப் பிடித்தான், காலைப் பிடித்தான், நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினான். பிறந்ததிலிருந்து நிழல் படாமல் விலகி நடந்த பிராணியைக் கட்டிப்பிடித்துப் புரட்டினான். அவனுடைய சாரனில் எது பன்றியின் இரத்தம், எது அழகரெத்தினத்தின் இரத்தம் என்று தெரியவில்லை. அந்த நிலையிலும் அந்த மனுஷன் கண்ணைத் திறந்து, "தம்பி, உடுப்பெல்லாம் பட்டுட்டுது" என்றார். உயிர் போகிற நேரத்தில் அவருக்கு வந்த கவலை அது.

உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு வான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிர் தப்பிற்று. மத்தியானம் போல வார்ட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். கட்டிலின் ஒரு பக்கம் அவருடைய மனைவி கனகேஸ்வரி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். கால்மாட்டில் ஒரு பொலிஸ்காரர், காயம் எப்படி வந்தது என்று கேட்க வந்தவர். அழகரெத்தினம் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"தம்பி, ரெண்டு வெடி கேட்டுதே. அதான் நான் வந்தன்."

குற்றம் பிடித்துச் சொல்லவில்லை. தன்னுடைய பக்கத்தை மனைவிக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். பொலிஸ்காரர் பளீலைப் பார்த்தார். இரண்டு என்றால், முதலாவது ஏன் விழுத்தவில்லை என்று கேட்பார். எந்தத் தோட்டா என்று கேட்பார். அங்கிருந்து குசினிக்குப் பின்னால் உள்ள சிவப்பு மெஷினுக்கு ஒரு எட்டுத்தான். லைசன்ஸ் போகும், துவக்கு போகும், ஆளும் உள்ளே போவான்.

"இல்ல அண்ணன்" என்றான் பளீல். "முதல்ல ஒண்டுதான் வெச்ச நான். மத்தது காட்டுல பட்டுத் திரும்பின சத்தமா இரிக்கும்."

அழகரெத்தினம் முகட்டைப் பார்த்தார்.

"அப்பிடியா?" என்றார். "எனக்கு ரெண்டாத்தான் கேட்டது."

"வயசு போகுதெல்லோ" என்றாள் கனகேஸ்வரி. பாவம், அவள் கணவனைத் தேற்றத்தான் சொன்னாள். பொலிஸ்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். முழுப் பூசணிக்காய் அவ்வளவு இலேசாகச் சோற்றுக்குள் மறைந்துபோயிற்று.

அன்றைக்குப் பொழுதுபட முன்னரே பளீல் மெஷினையும் மருந்தையும் கரண்டியையும் சாக்கில் கட்டிக் களியோடைப் பாலத்தடியில் ஆற்றில் போட்டான். திரும்பி வந்து உடம்பை மண்ணும் தண்ணீருமாக ஏழு தரம் கழுவினான். பன்றி பட்ட இடம் சுத்தமாகிவிட்டது, மார்க்கத்தில் அதற்கு வழி இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு வழி அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய். தெரியும், காரைதீவு வரைக்கும் போய் வாயைத் திறக்கவேண்டும், அவ்வளவுதான்.

போனான். அடிக்கடி போனான். தோடம்பழமும் கோழியும் அரிசியும் கொண்டு போனான். வாயை மட்டும் திறக்கவில்லை.

காயம் ஆறிற்று, கால் கொஞ்சம் இழுத்தது, அதை அழகரெத்தினம் பெரிதாக எடுக்கவில்லை. வேறொன்றுதான் அவரைத் தின்னத் தொடங்கியது. காட்டோரத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன். நெல்லுக்குள் பாம்பு போகிறதா, எலி போகிறதா என்று காதாலே சொல்கிற மனுஷன். இல்லாத வெடியைக் கேட்ட காதை அவர் அதற்குப் பிறகு நம்பவில்லை. கோயில் மணி கேட்டால், "மணி அடிச்சதா?" என்று பக்கத்தில் உள்ளவரைக் கேட்டார். போன் அடித்தால் எடுக்காமல் கனகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். ரோட்டைக் கடக்க யாராவது கையைப் பிடிக்கும் வரைக்கும் நின்றார். கடைசியில் வயலையும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். "காது போன ஆள் காவலுக்குப் போய் என்ன செய்யிற?" என்று அவர் கேட்டபோது பளீல் எதிரில் இருந்துகொண்டு தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

முஸ்தாக் மட்டும் ஒரு நாள் கடைக்கு வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டான்.

"மச்சான், அந்த மருந்தத் தராசில நிறுத்தா நிரப்பின நீ?"

பளீல் ஒரு செயின் பெட்டியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

"நான் அண்டைக்குப் பகிடிக்குத்தான் சென்ன" என்றான் முஸ்தாக். அதற்குப் பிறகு அவன் பளீலிடம் பகிடியே விடவில்லை. பளீலுக்கு அது இன்னும் பாரமாக இருந்தது.

அடுத்த பெரும்போகம் போய், அதற்கு அடுத்ததும் விதைத்தாயிற்று. ஒரு நாள் கனகேஸ்வரி பளீலுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, கல்முனையில காது மெஷின் குடுக்கிற இடம் ஒண்டு இருக்காம். இவர் என்னோட வரமாட்டன் எண்டுறார். நீங்க கேட்டா வருவார்."

"வாறன் அக்கா" என்றான் பளீல். சொல்லிவிட்டு மனதில் ஒரு ஆறுதலும் பட்டான், அதையும் மறைக்கக்கூடாது. இருக்கிறதிலேயே நல்ல மெஷினாக வாங்கிக் கொடுத்துவிட்டால் கொஞ்சமாவது கழியும் என்று நினைத்தான். தராசில் ஒரு பக்கத்துப் பொய்க்கு மற்றப் பக்கம் ஒரு மெஷினை வைத்தால் சரிவந்துவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் கேட்கவில்லை.

அந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மெஷின்கள் வரிசையாக இருந்தன. காதுக்குப் பின்னால் மாட்டுவது, உள்ளே வைப்பது, தோல் நிறத்தில் கண்ணுக்கே தெரியாதது. பளீல் குனிந்து குனிந்து பார்த்தான். எது நல்லது, எதற்கு எவ்வளவு காலம் உத்தரவாதம், எது மழைக்குத் தாங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மனதுக்குள் ஒன்றைத் தெரிந்தும் வைத்துவிட்டான். அங்கே வேலை செய்கிற நஜ்லா என்ற பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல்ல காதப் பாப்பம் அங்கிள், மறுகா மெஷினப் பாப்பம்" என்றாள்.

அழகரெத்தினத்தைச் சின்னக் கண்ணாடி அறைக்குள் இருத்தி, காதுக்கு மாட்டி, சத்தம் கேட்டால் விரலை உயர்த்துங்கள் என்றாள். கதவைச் சாத்தினாள். பளீல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளையின் பயத்தோடு இருந்தார். நஜ்லா ஒரு பொத்தானை அழுத்தினாள். விரல் எழும்பிற்று. சத்தத்தைக் குறைத்தாள். விரல் எழும்பிற்று. இன்னும் குறைத்தாள், இன்னும் குறைத்தாள். ஒவ்வொரு தரமும் அந்தக் காய்த்துப்போன விரல் எழும்பிற்று. மற்றக் காதுக்கும் அப்படியே. பளீலுக்கு அந்த விரல் தன்னைத்தான் காட்டுகிறது என்று பட்டது.

வெளியே வந்ததும் நஜ்லா சிரித்தாள்.

"மெஷின் ஒண்டும் தேவையில்ல ஐயா. உங்கட வயசுக்கு இப்பிடிக் காது நான் இஞ்ச கண்டதில்ல. எனக்கே இவ்வளவு கேக்காது."

"வடிவாப் பாத்தீங்களா மகள்?" என்றார் அழகரெத்தினம்.

"ரெண்டு தரம் பாத்த, ஐயா."

"இல்லாத சத்தம் கேக்கிற வருத்தம் ஏதும்?"

"அப்பிடி ஒண்டும் இல்ல. கேட்டதெண்டா கேட்டதுதான்."

அழகரெத்தினம் தலையை ஆட்டினார். நன்றி சொன்னார். படியிறங்கும்போது பளீல் கையைக் கொடுத்தான், அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே பஸாரின் இரைச்சல். மீன் விற்கிறவன் கத்துகிறான், பள்ளியில் அஸருக்குப் பாங்கு தொடங்குகிறது, மட்டக்களப்பு பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அவர் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"அப்ப அண்டைக்கு ரெண்டு வெடி" என்றார்.

கேள்வியாகக் கேட்கவில்லை. பளீல் சொல்ல நினைத்து வைத்திருந்த கரண்டி, தராசு, முஸ்தாக், பொலிஸ்காரர், எல்லாவற்றையும் விட்டுவிட்டான்.

"ஓம் அண்ணன்" என்றான்.

அழகரெத்தினம் அவனுடைய முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பளீல் தாங்கியிருப்பான்.

"கால் போனதுக்கு ஒண்டுமில்ல தம்பி. பண்டி எண்டா அப்பிடித்தான்" என்றார். "இவ்வளவு காலமும் நான் என்ட காத ஏசிக்கொண்டிருந்தன். அதுக்கு வாய் இருந்தா என்னட்டச் சொல்லியிருக்கும்."

"அண்ணன், மோட்டச் சைக்கிள் அங்கால நிக்குது. கொண்டுபோய் விடுறன்."

"வேண்டாம். பஸ்ஸில போறன்."

ரோட்டோரத்துக்குப் போனார். யாருடைய கையையும் தேடவில்லை. பின்னால் வந்த லொறியை அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. சத்தத்தை வைத்தே ஒரு அடி பின்னால் நின்று, அதைப் போகவிட்டு, காலை இழுத்து இழுத்துத் தனியாகக் கடந்து மற்றப் பக்கம் ஏறினார்.

"அழகரெத்தினம் அண்ணன்" என்று பளீல் கூப்பிட்டான்.

இரைச்சலுக்குள் அவன் உரத்துக்கூடக் கூப்பிடவில்லை. ஆனால் அந்தக் காதுக்கு அது கேட்காமல் இருந்திருக்காது. அவர் காரைதீவுப் பக்கம் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார், திரும்பவில்லை.